இரியோமோத்தே தீவின் சாலையும் ஏற்காட்டு மலைச்சாலையும்: ஒரு திறந்த மடல்

சேலம் மாவட்ட நிர்வாகத்தினருக்கும் வனத்துறை, நெடுஞ்சாலைத் துறை அலுவலர்களுக்கும் ஏற்காட்டுவாசி ஒருவரின் பணிவான வணக்கம்.

சென்ற ஆண்டு ஜப்பானின் ஒகினாவா மாகாணத்திலுள்ள இரியோமோத்தே தீவுக்குச் சென்று வந்தேன். ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு காடாக இருக்கும் அத்தீவில் விமான நிலையம் கிடையாது. இஷிகாகி தீவிலிருந்து படகில்தான் போக வேண்டும். அன்று வாடைக்காற்று பலமாக வீசியதால் வடக்கிலுள்ள உயேஹாரா துறைக்குப் படகு விடவில்லை. தெற்கே ஓஹாராவில் இறங்கிப் பேருந்தில் வடக்கே போனோம். அந்தச் சாலையில் கண்டதுதான் இம்மடலை எழுத வைத்தது.

உலகில் வேறெங்கும் இல்லாத இரியோமோத்தே காட்டுப்பூனை அங்கே சுமார் 100 மட்டுமே எஞ்சியுள்ளது. அதற்காகவே வண்டிகள் மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். சில இடங்களில் பேருந்து தடதடவென அதிர்ந்தது. சாலை பழுதென்று நினைத்தேன். வண்டி வரும் ஓசை பூனைக்கு முன்கூட்டியே கேட்க வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே அப்படிச் சொரசொரப்பாகப் போட்டிருப்பதாக வழிகாட்டி விளக்கினார். சாலைக்கு அடியில், விலங்குகள் கடக்கவென்றே நூற்றுக்கும் மேற்பட்ட சுரங்க வழிகள் இருக்கின்றன. நசுங்கிக் கிடக்கும் தவளையைத் தின்ன வரும் பூனையும் அதே இடத்தில் அடிபடும் என்பதால், செத்த உயிர்களைச் சாலையிலிருந்து அகற்றவும் செய்கிறார்கள்.

இதே கதிதான் நம் மலையிலும். ஜனவரியில் ஓர் இரவு, அடிவாரத்திலிருந்து வீடு திரும்பும்போது, ஒரு கொண்டை ஊசி வளைவில் மரநாய் ஒன்று அடிபட்டுக் கிடந்தது. தொட்டபோது உடல் இன்னும் சூடாக இருந்தது. மீசை மயிரில் பிரியாணிச் சோறு ஒட்டியிருந்தது. யாரோ வீசிய பொட்டலம் ஒரு முழ தூரத்தில் பிரிந்து கிடந்தது.

கோடை விழா நாட்களில் ஏறும் வண்டிகளை ஒரு வழியிலும், இறங்கும் வண்டிகளைக் குப்பனூர் வழியிலும் திருப்பிவிடும் உங்களால், இரவு வேகத்தையும் கட்டுப்படுத்த முடியும் என்று உறுதியாக நம்புகிறேன். விலங்குகள் கடக்கும் வளைவுகளில் அதிர்வுப் பட்டைகள் போடுங்கள்; பாட்டில்களும் மண்ணும் அடைத்த சிறுபாலங்களை மழைக்கு முன் தூர்வாரி, விலங்குகள் சாலைக்கு அடியிலேயே கடந்து போக உள்ளே ஓரமாக ஈரம்படாத ஒரு நடைதிட்டு கட்டிக் கொடுங்கள்; சாலையில் உணவு வீசக்கூடாது என்று சோதனைச் சாவடியிலேயே ஒவ்வொரு வண்டிக்கும் சொல்லச் செய்யுங்கள்.

விலங்குகள் கடப்பதாக நான் அறிந்த மூன்று இடங்களை நேரில் காட்ட, நீங்கள் சொல்லும் நாளில் அடிவாரத்தில் வந்து காத்திருக்கிறேன்.