எல்லா ரோஜாவுக்கும் ஒரே வெட்டு வேண்டாம்

ஓசூர்

அன்புள்ள கமலா,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே பனி இறங்க ஆரம்பித்துவிட்டது. பேத்தி ஸ்வெட்டர் போட மாட்டேன் என்று தினமும் அடம் பிடிக்கிறாள்.

புது வீட்டுத் தோட்டத்து ரோஜாக்களை எல்லாம் முழங்கால் உயரத்துக்கு வெட்டச் சொல்லியிருப்பதாக எழுதியிருந்தாய். வேண்டாம், கமலா. முதலில் எது எந்த ரகம் என்று பார்.

வாசலில் ஒரு காம்புக்கு ஒரு பெரிய பூ வைக்கிறதே, அந்த ஒட்டு ரோஜாவுக்கு வேண்டுமானால் அந்த உயரம் சரி. அது புதுத் தளிரில்தான் பூக்கும். காய்ந்த குச்சி, மெலிந்த குச்சி, ஒன்றோடொன்று உரசும் கிளை எல்லாவற்றையும் அடியோடு எடுத்துவிட்டு, திடமான நாலைந்து கிளைகளைப் பாதிக்கு வெட்டு. வெளிப்பக்கம் பார்த்த தளிர் மொட்டுக்குக் கால் அங்குலம் மேலே, சாய்வாக. வெட்டிய இடத்தை உற்றுப் பார். குச்சியின் நடுப்பகுதி வெள்ளையாக இருந்தால் நல்லது. பழுப்பாக இருந்தால் நுனிக்கருகல் நோய் உள்ளே இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். வெள்ளை தெரியும்வரை கீழே கீழே வெட்டிக்கொண்டே போ, மனசு வலித்தாலும். பிறகு காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சை மருந்தைத் தண்ணீரில் குழைத்து வெட்டுவாயில் தடவு. மழை பெய்கிற நாளில் கத்தரியைத் தொடாதே.

ஒட்டுக்குக் கீழிருந்து கொழுகொழுவென்று ஒரு தளிர் கிளம்பினால் அது வேர்ச்செடியுடையது, அதாவது ஒட்டுக் கட்டிய அடிச்செடியுடையது. விட்டால் மேலே இருக்கும் நல்ல செடியையே அமுக்கிவிடும். ஒரு காம்பில் ஏழு இலை இருந்தால் அப்படிப்பட்ட காட்டுத்தளிர் என்பார்கள், அதை நம்பாதே. எங்கிருந்து கிளம்புகிறது என்று மண்ணை விலக்கிப் பார்த்து, கிளம்பும் இடத்திலேயே பிய்த்து எடு.

கொத்துக் கொத்தாகப் பூக்கும் ரோஜாவுக்கு மூன்றில் ஒரு பங்கு வெட்டினால் போதும். பட்டன் ரோஜாவை நுனி மட்டும் கிள்ளிச் சீராக்கு.

எனக்குப் பயமெல்லாம் கேட்டில் ஏறியிருக்கும் கொடி ரோஜாவைப் பற்றித்தான். அதன் நீளக் கொடிகளை முழங்காலில் வெட்டினால் அடுத்த பூவுக்கு நீ ரொம்ப நாள் காத்திருக்க வேண்டும். நிமிர்ந்து நிற்கும் கொடியைப் படுக்கைவாட்டில் வளைத்துக் கட்டு. கணுவுக்குக் கணு தளிர் வெடிக்கும். பக்கக் கிளைகளை மட்டும் இரண்டு மூன்று மொட்டு விட்டு வெட்டு. வருஷத்துக்கு ஒரே முறை பூக்கும் கொடி என்றால், பூத்து ஓய்ந்த பிறகுதான் கத்தரியே எடுக்க வேண்டும். பக்கத்து வீட்டில் விசாரித்தால் தெரிந்துவிடும்.

கிணற்றடிப் பன்னீர் ரோஜா தாங்குகிற செடி. நரைத்துப்போன கிழக்கிளை ஒன்றிரண்டை அடியோடு எடுத்துவிட்டு, மற்றதைப் பாதிக்கு வெட்டச் சொல். கார்த்திகைப் பாதியில் வெட்டி, தொழு உரம் வைத்துத் தண்ணீர் விட்டால் சுமார் 45 நாளில், பொங்கலை ஒட்டிப் பூ வந்துவிடும்.

அப்புறம், அந்தப் பன்னீர்ச் செடியில் வெட்டுவதை எறிந்துவிடாதே. பென்சில் கனத்தில் நாலைந்து குச்சிகளை ஈரச் சாக்கில் சுற்றி, அடுத்த வாரம் இங்கே வரும் உன் தம்பியிடம் கொடுத்து அனுப்பு. எனக்கு வேண்டும்.

அன்புடன்,
விஜயா