பாப்பாவின் ஆட்டத்தை நிறுத்த வேண்டாம்

லெஸ்டர், இங்கிலாந்து
2 நவம்பர் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

சுண்டைக்காய் வற்றல் பொட்டலத்துக்குள் மடித்து வைத்திருந்த உன் கடிதம் கிடைத்து இருபது நாள் ஆகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. முதியோர் இல்லத்தில் இரவு வேலையைக் கூடுதலாகக் கேட்டு வாங்கியிருக்கிறேன். பகலில் தூங்கி எழுந்தால் நாலரை மணிக்கே இருட்டிவிடுகிறது. கபடியில் பாப்பாவுக்கு எலும்பு உடைந்ததால் அண்ணன் தன் மகளை இனி ஆட விடமாட்டேன் என்கிறான் என்று எழுதியிருந்தாய். போனில் உனக்குச் சரியாகக் கேட்பதில்லை, அதனால்தான் விவரமாகப் பதில் எழுதுகிறேன். பாப்பாவையே படித்துக் காட்டச் சொல்.

சாப்பாட்டுக்குக் குறையில்லை. கீழ்வீட்டுப் பாட்டி கோடையில் ரூபார்ப் என்று ஒரு தண்டு கொடுத்தார், செக்கச்செவேலென்று இருக்கும். இங்கே சர்க்கரை போட்டு வேகவைக்கிறார்கள். கடித்துப் பார்த்தால் நம் புளிச்சக்கீரைப் புளிப்பு! நல்லெண்ணெயில் பெருங்காயமும் வெந்தயமும் போட்டுத் தொக்கு கிளறிவிட்டேன். பாட்டி விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, ரொட்டிக்கு நடுவில் தடவித் தின்றார். இப்போது பாட்டில் காலியானால் கதவைத் தட்டுகிறார்.

இந்தப் பாட்டிக்கு ரக்பி என்றால் உயிர். பெண்கள் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை செப்டம்பர் 27 அன்று அவர் வீட்டு டிவியில்தான் பார்த்தேன். லண்டன் ட்விக்கனம் மைதானத்தில் 81,885 பேர். பெண்கள் ஆடுவதைப் பார்க்க அம்மா, அத்தனை பேர்! இங்கிலாந்து 33-13 என்று கனடாவை ஜெயித்தது. பாட்டி என் கையைப் பிடித்த பிடியில் வளையல் தழும்பு விழுந்துவிட்டது.

கபடி தெரிந்த நமக்கு இது சட்டென்று புரியும். பக்கத்துக்குப் பதினைந்து பேர், 80 நிமிடம். முட்டை மாதிரிப் பந்தை அணைத்துக்கொண்டு ஓட வேண்டும், கூட்டாளிக்கு வீசினால் முன்பக்கம் போகக் கூடாது. எதிராளி இடுப்பையோ தொடையையோ கட்டிப் பிடித்துச் சாய்ப்பாள். பாப்பா போடுகிற தொடைப்பிடி அப்படியே.

போன ஞாயிறு பாட்டியின் பேத்தி ஆடினாள், என்னையும் கூட்டிப் போனார்கள். பதினாறு வயது. சேற்றில் முகம் குப்புற விழுந்து எழுந்தவளுக்கு மூக்கில் ரத்தம். அவள் பல்காப்பைக் கழற்றிக் காலுறைக்குள் செருகிக்கொண்டு வெளியே வந்து உட்கார்ந்தாள். அவள் அப்பா பதறவில்லை. பஞ்சை மட்டும் நீட்டினார். ரத்தம் நின்றதும் அவள் திரும்ப ஓடினாள். அப்போது அண்ணன் முகம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

பாப்பா, இந்த இடத்தை உன் அப்பாவுக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகப் படி.

எமிலி ஸ்காரட் என்று ஒரு இங்கிலாந்து ரக்பி வீராங்கனை. இதே லெஸ்டரில் பிறந்தவர், பண்ணைக் குடும்பம். ஐந்து வயதில் பந்தைத் தொட்டார். பதினாறு வயதில் கூடைப்பந்து ஆட அமெரிக்கா உதவித்தொகையோடு கூப்பிட்டது, போகவில்லை. 2008-ல் தொடங்கி நாட்டுக்காக 119 ஆட்டம், 754 புள்ளி. 2014 உலகக் கோப்பை இறுதியில் இங்கிலாந்து எடுத்த 21 புள்ளியில் 16 இவருடையது. அந்தக் காலத்தில் இதை நம்பிப் பிழைக்க முடியாது, பள்ளியில் உடற்கல்வி உதவியாளராக வேலை பார்த்தார். 2019-ல்தான் 28 பெண்களுக்கு முழுநேரச் சம்பளம் என்று ஒப்பந்தம் போட்டார்கள். 2023-ல் கழுத்து முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் வட்டு பிதுங்கி அறுவை சிகிச்சை. கழுத்து, அண்ணா! ஆறவிட்டுத் திரும்பி வந்து இந்த வருடம் தன் ஐந்தாவது உலகக் கோப்பையும் ஆடிவிட்டுத்தான், போன மாதம் 35 வயதில் ஓய்வு அறிவித்தார்.

பாப்பாவுக்கு உடைந்தது காறை எலும்பு. டாக்டர் சொன்ன நாள்வரை கட்டை அவிழ்க்கக் கூடாது, ஆடவும் கூடாது. ஆறியபின் ஆடட்டும்.

அம்மா, எட்டாவது படிக்கும்போது மாவட்ட ஓட்டப்பந்தயத்துக்கு முதல் நாள் என் ஷூவைக் குதிருக்குப் பின்னால் ஒளித்து வைத்தாயே, நினைவிருக்கிறதா? உன்னைக் குறை சொல்லவில்லை. அப்பா இறந்துபோன வருடம் அது, ஊர் வாய்க்குப் பயந்தாய். இங்கே சில நாள் வேலை முடிந்து விடிகாலையில் பஸ் நிறுத்தத்திலிருந்து வீடுவரை ஓடிப் பார்க்கிறேன், குளிருக்குத்தான். தெருவில் ஒரு ஆள் இருக்காது. நீ வாசல் தெளிக்கிற சத்தம் கேட்கிற மாதிரியே இருக்கும். அந்த நேரம் அங்கே மதியம் ஆகியிருக்கும் என்று தெரியும், இருந்தாலும் நின்று கேட்பேன். தீபாவளிக்கு பெல்கிரேவ் ரோட்டில் விளக்கு பார்க்கப் போனேன், நல்ல கூட்டம். சீக்கிரம் வந்துவிட்டேன்.

சரி, மேலத்தெரு அத்தை கொண்டு வந்த வரனுக்கு இன்றே பதில் சொல்லிவிடு. பாப்பாவுக்குப் பதினேழுதான் ஆகிறது, பேச்சே வேண்டாம். மதினியும் என் பக்கம்தான் இருப்பாள். எக்ஸ்ரே செலவை என் கணக்கில் எழுது. இந்த மாதப் பணம் பதினைந்து தேதிக்கு மேல்தான் வரும், வேறொன்றுமில்லை, சம்பளத் தேதி மாறியிருக்கிறது. சீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லி வை. கிழக்குக் காட்டுப் பட்டாவுக்கு என் கையெழுத்து வேண்டுமென்றால் அண்ணன் எந்தத் தாள் என்று படம் பிடித்து அனுப்பட்டும். காற்றில் சாய்ந்த முருங்கையை வெட்டிவிடாதே, முட்டுக் கொடுத்தால் பிழைத்துக்கொள்ளும். அப்புறம் என் ஷூ பரணில் இருந்தால் பாப்பா கால் அளவுக்குச் சரியாக இருக்கிறதா என்று பார்.

உன் சின்னவள்