நேட்டால் குளிருக்கு எந்தச் சைக்கிள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குளிர்காலச் சைக்கிளுக்கு ஆணி பதித்த டயர் போடச் சொல்லித் தங்கள் இதழில் சென்ற வாரம் வந்த குறிப்பைப் படித்துவிட்டு யாரும் கடையில் போய் அதைக் கேட்டுவிடக் கூடாதே என்றுதான் இதை எழுதுகிறேன். பனி உறைந்து, அதைக் கரைக்க ரோட்டில் உப்புக் கொட்டும் நாடுகளுக்கு அந்தக் குறிப்பு சரி. தென்னாப்பிரிக்காவில் நம் குவாசூலு-நேட்டாலில் குளிர்காலமான ஜூன், ஜூலை, ஆகஸ்ட் வறண்ட மாதங்கள். டிராக்கன்ஸ்பர்க் அடிவாரத்திலும் நாட்டிங்ஹாம் ரோடு பக்கமும் எப்போதாவது பனி விழும்; அன்றைக்குச் சைக்கிளை வெளியே எடுக்காமல் இருப்பதே புத்தி. மற்ற நாட்களில் இங்கே சைக்கிளைப் படுத்தி எடுப்பவை முள், புழுதி, இருட்டு. இவற்றுக்குத் தக்கபடி வாங்கினால் அதே சைக்கிள் கோடையிலும் உதவும்.

என்3 ஃப்ரீவேயில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. ஆகவே பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து மேலே ஏறுகிறவர்களுக்கு ஹில்டன், ஹோவிக், லிட்ஜட்டன் வழியாகப் போகும் பழைய ஆர்103 ரோடுதான் கதி. அதிலிருந்து கார்க்லூஃப், டார்கல் பக்கம் திரும்பினால் சரளையும் செம்மண்ணும். வடகரையில் வெருலம், டோங்காட் கரும்புக் காட்டுப் பாதைகளில் தோட்டக்காரரிடம் கேட்டுக்கொண்டு ஓட்டுகிறவர்களும் உண்டு. அக்டோபரில் நடக்கும் அமாஷோவா சைக்கிள் பந்தயத்துக்குப் பயிற்சி எடுப்பவர்கள் 25 மி.மீ. பந்தய டயரோடு இந்தப் பாதைகளில் இறங்குவதைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கிறது. தார், சரளை, மண் எல்லாவற்றுக்கும் தாங்குகிற ஆல்-ரோடு சைக்கிள் அவர்களுக்குத்தான் முதலில் தேவை.

ஃபிரேம் பார்க்கும்போது எடையைக் கேட்காதீர்கள், எத்தனை மி.மீ. டயர் நுழையும் என்று கேளுங்கள். 700சி என்னும் பெரிய அளவுச் சக்கரத்தில் 45 மி.மீ. டயர் கொள்ளும் என்று தயாரிப்பாளர் சொன்னால், 40 மி.மீ. போட்டு ஓட்டுவதற்கு அது நல்ல ஃபிரேம். 40 என்று அச்சிட்ட டயர், உள்ளகலம் 25 மி.மீ. உள்ள ரிம்மில் 41, 42 வரை விரியும். அதற்கு மேல் இரண்டு பக்கமும் ஆறு ஆறு மி.மீ. காலியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் டயரில் ஒட்டி வரும் ஒரு சரளைக் கல் செயின்ஸ்டேயின் (பின்சக்கரத்தின் இரு பக்கமும் ஓடும் ஃபிரேம் குழாய்) உள்பக்கத்தை அரம் போல அறுத்துவிடும். கார்பன் ஃபிரேமில் இந்தத் தேய்மானம் ஆபத்து. ஸ்டீல், அலுமினியத்தில் முதலில் பெயின்ட்தான் போகும். ஆனால் டர்பன் கரையோரம் இருப்பவர்கள் ஸ்டீல் வாங்கினால், உப்புக் காற்றுக்குத் துருப்பிடிக்காமலிருக்க, பாகங்களை மாட்டும் முன்பே குழாய்களுக்குள் மெழுகு ஸ்பிரே அடித்துவிட வேண்டும்.

பழையதாக வாங்குகிறவர்கள் இரண்டு இடத்தில் ஏமாறுகிறார்கள். ஒன்று, சேற்றுப் பந்தயத்துக்கான சைக்ளோகிராஸ் சைக்கிளை 'கிராவல்' (சரளை ரோட்டுச் சைக்கிள்) என்று சொல்லி விற்பது. அந்தப் பந்தயத்தில் டயர் அகலத்துக்கு 33 மி.மீ. உச்சவரம்பு, அதனால் பல பழைய ஃபிரேம்களில் 35-க்கு மேல் நுழையாது. இன்னொன்று, பழைய 26 அங்குல மலைச் சைக்கிளில் சஸ்பென்ஷன் ஃபோர்க்கைக் கழற்றிவிட்டுக் கையில் கிடைத்த சாதா ஃபோர்க்கை மாட்டுவது. அச்சிலிருந்து தலைப்பகுதி வரை பழைய ஃபோர்க்கின் நீளத்தை அளந்து, ஆள் உட்கார்ந்தால் அமுங்கும் அளவைக் (பயண நீளத்தில் ஏறத்தாழ கால் பங்கு) கழித்து, மிச்ச நீளத்துக்குச் சாதா ஃபோர்க் வாங்க வேண்டும். குட்டையாகப் போட்டால் ஹேண்டில்பார் படபடவென்று திரும்பும், பெடல் தரையில் இடிக்கும். அளவு சரியாக இருந்தால், குறைந்த காசில் கட்ட இதைவிட நல்ல சைக்கிள் கிடையாது என்பேன்.

பெடல் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட் மரை போட்டதாக இருக்கட்டும். அழுத்திச் செருகும் வகையில் செம்மண் புழுதி ஏறினால் ஒவ்வொரு மிதிக்கும் கிரீச்சிடும். மரை வகையில் கழற்றித் துடைத்து, கிரீஸ் வைத்து மாட்டினால் தீர்ந்தது. சாதாரண பி.எஸ்.ஏ. மரையில் வலப்பக்கக் கப் கடிகாரச் சுற்றில்தான் கழலும். இது தெரியாமல் எதிர்ப்பக்கம் முறுக்கி மரையைக் கெடுத்த ஃபிரேம்கள் ஏராளம். கியர் மாற்றும் பின் டெரெய்லரைத் தாங்கும் ஹேங்கரில் ஒரு உபரி, ஃபிரேம் வாங்கும்போதே வாங்கிவிடுங்கள். உங்கள் ஃபிரேமுக்கு மட்டுமே பொருந்தும் ஹேங்கர் வளைந்துவிட்டால், அது வந்து சேரும்வரை சைக்கிள் மூலையில் நிற்கும்.

இனி முள். நாட்டுப்புறத் தெருவில் நம்மவர்களுக்குப் பழக்கமான நெருஞ்சிதான் இங்கேயும் ரோட்டோரத்தில் படர்ந்து கிடக்கிறது. கோடையில் காய்த்தது குளிரில் காய்ந்து உதிர்ந்து, எப்படிக் கிடந்தாலும் ஒரு முள் மேலே நிமிர்ந்து நிற்கும். அதோடு வேல மரத்தின் நீள வெள்ளை முள். டியூப் போட்ட டயரில் இங்கே குளிர்காலத்தை ஓட்ட முடியாது என்று சொல்லமாட்டேன்; ஆனால் பஞ்சர் ஒட்டவே நேரம் சரியாக இருக்கும். டியூப் இல்லாத டயரும், துளையைத் தானே அடைக்கும் சீலன்ட் என்ற திரவம் உள்ளேயும்தான் வழி. செய்யும் முறையில் பிழை விட்டு, 'இது நம் ஊருக்கு ஆகாது' என்று பலர் கைவிடுவதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ரிம்மின் உள்பள்ளத்தை ஸ்பிரிட்டால் துடையுங்கள். ஸ்போக் துளைகளை மூடும் பழைய டேப்பின் பசை துளி இருந்தாலும் புது டேப் ஒட்டாது. டேப் ரிம்மின் உள்ளகலத்தைவிட 2, 3 மி.மீ. கூடுதலாக இருக்க வேண்டும். வால்வுத் துளைக்கு நாலு விரல் முன்னே தொடங்கி, நன்றாக இழுத்துப் பிடித்து ஒட்டிக்கொண்டே வந்து, துளையைத் தாண்டி இன்னும் நாலு விரல் மேலே ஏற்றி முடியுங்கள். துளையைக் கத்தியால் கீறாதீர்கள், கீறல் கிழிந்துகொண்டே போகும். சூடாக்கிய ஆணியால் குத்தினால் வட்டமாக உருகித் திறக்கும். வால்வின் நட்டைக் கையால் மட்டும் இறுக்குங்கள். குறடு போட்டு இறுக்கியதை நடுரோட்டில் எந்தக் கையாலும் கழற்ற முடியாது.

பிறகு ஒரு சாதா டியூபைப் போட்டு ஊதி, ஓரிரவு அப்படியே விடுங்கள். டேப் அழுந்திப் படியும், டயரின் ஓரம் ரிம்மில் உட்காரும். காலையில் ஒரு பக்கம் மட்டும் டயரை விலக்கி டியூபை உருவிவிட்டு, வால்வை மாட்டி, ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, வால்வின் உள்முனையைக் கழற்றிய நிலையில் வேகமாகக் காற்று அடிக்க வேண்டும். 'டப்' என்று சத்தம் கேட்டால் விலக்கிய ஓரமும் உட்கார்ந்தது. உட்காரவில்லையே என்று அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். டயரின் ஓரத்தைப் பிடிக்கும் கொக்கி விளிம்பு இல்லாத ரிம்முக்கு 5 பார், அதாவது 72 பி.எஸ்.ஐ., உச்சம்; டயரில் அதைவிடக் குறைவாக அச்சிட்டிருந்தால் அதுதான் கணக்கு.

காற்றை விட்டு, சீலன்ட் குப்பியை நன்றாகக் குலுக்கி, 40 மி.மீ. டயருக்கு 60 மி.லி. வால்வு வழியாக ஊற்றுங்கள். நெருஞ்சி மிகுந்த பக்கம் ஓட்டுபவர்கள் 80, 90 வரை ஊற்றலாம், ஒவ்வொரு துளையும் கொஞ்சம் குடித்துவிடும். உள்முனையை மாட்டி, ஊதி, சக்கரத்தைச் சுற்றிக் குலுக்கி, ஒரு வாளியின் மேல் இந்தப் பக்கம் கொஞ்ச நேரம், அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் படுக்க வையுங்கள். உடனே கால் மணி நேரம் ஓட்டுவதும் அவசியம். ஸ்போக் துளை வழியாகக் காற்று வந்தால் குறை டேப்பில். எவ்வளவு சீலன்ட் ஊற்றினாலும் அது நிற்காது, டேப்பை மறுபடி ஒட்டத்தான் வேண்டும். காற்று அடிக்கும்போது வால்வு மேல்பக்கம் இருக்கட்டும், அடியில் இருந்தால் சீலன்ட் வந்து அடைத்துக்கொள்ளும்.

நம் வறண்ட காற்றிலும், நடுவில் மலையிலிருந்து இறங்கி அடிக்கும் பர்க் அனல்காற்றிலும் சீலன்ட் இரண்டு, மூன்று மாதத்தில் காய்ந்துவிடுகிறது. மே மாதம் ஊற்றியது ஆகஸ்டில் ரப்பர் உருண்டையாகக் கிடக்கும். சக்கரத்தைக் காதருகே வைத்துக் குலுக்கினால் தளும்பும் சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் இன்னொரு 60 மி.லி.

அழுத்தம் எவ்வளவு? 75 கிலோ ஆளுக்கு 40 மி.மீ. டயரில், மண் ரோட்டுக்கு முன்னே 30, பின்னே 33 பி.எஸ்.ஐ.யில் தொடங்கிப் பாருங்கள். தாரில் ஐந்தாறு கூட்டலாம். வீட்டுக்குள் 20 டிகிரியில் 35 வைத்துவிட்டு, ஹோவிக் பக்கம் உறைபனி விழுந்த காலையில் 0 டிகிரியில் இறங்கினால் ஏறக்குறைய 31, 32-தான் இருக்கும். டயர் கசிகிறது என்று அதை எண்ணிக்கொள்ள வேண்டாம்.

சக்கரம் 32 ஸ்போக், பித்தளை நிப்பிள் (ஸ்போக்கை ரிம்மில் பிடிக்கும் நட்டு). கடைக்காரர் 24 ஸ்போக் இலகுச் சக்கரத்தைக் காட்டுவார். நம் ரோட்டுக் குழிகளை அவர் ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும். அலுமினிய நிப்பிள் கடல்காற்றில் அரித்து ஸ்போக்கோடு ஒட்டிக்கொள்கிறது. புதிதாகக் கட்டிய சக்கரத்தை 150, 200 கி.மீ. ஓடிய பிறகு ஒருமுறை நேர்பார்த்து இறுக்கவேண்டும். அதற்குள் ஸ்போக்குகள் தளர்ந்திருக்கும்.

கியருக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். நகரத்திலிருந்து ஹில்டனுக்கு நானூறு மீட்டருக்கு மேல் ஏற்றம். முன்னே 46-30 பல், பின்னே 11-34 பல் இருந்தால் பையோடும் ஏறலாம். ஒற்றைப் பல்சக்கரம்தான் வேண்டுமென்றால் 40-க்குப் பின்னே 42-ஆவது இருக்கட்டும்.

செயினில்தான் புழுதியின் வேலை தெரியும். எண்ணெய் சொட்டச் சொட்ட விட்ட செயினில் செம்மண் ஒட்டினால் அது உப்புத்தாள்தான். உருக்கிய மெழுகில் முக்கியெடுத்த செயின் காய்ந்த புழுதியில் சுத்தமாக ஓடும். புதுச் செயினின் தொழிற்சாலைக் கிரீஸை மினரல் டர்பன்டைனில் இரண்டு, மூன்று முறை அலசி, கடைசியில் மெத்திலேட்டட் ஸ்பிரிட்டில் ஒருமுறை அலசிக் காய வையுங்கள். அரை கிலோ பாரஃபின் மெழுகைப் பழைய ஸ்லோ குக்கரில் 90 டிகிரி வரை உருக்கி (நேரடித் தீயில் வேண்டாம், பற்றிக்கொள்ளும்), செயினைப் பத்து நிமிடம் அதில் ஆட்டுங்கள். குமிழி நின்றதும் தூக்கித் தொங்கவிட்டு, ஆறியபின் ஒவ்வொரு கண்ணியையும் வளைத்து விறைப்பை எடுத்துவிடுங்கள். சரளையில் முந்நூறு கி.மீ. வரை தாங்கும். கிரீஸ் போகாமல் முக்கினால் மெழுகு உதிர்ந்துவிடும். 'மெழுகு சரியில்லை' என்ற புகார்களில் பாதி இதுதான். 11, 12 வேகச் செயின்களில் 0.5 சதவீத நீட்சியிலேயே மாற்றிவிட்டால் கேசட் (பின் பல்சக்கரத் தொகுதி) பிழைக்கும்.

டர்பனில் ஜூன் மூன்றாம் வாரம் சூரியன் உதிப்பது காலை 6:50-ஐ ஒட்டி, மறைவது மாலை 5:05-ஐ ஒட்டி. வேலைக்குப் போகிறவருக்கு இரண்டு வேளையும் விளக்கு வேண்டும். முன்சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப் டைனமோ (6 வோல்ட், 3 வாட்) இதற்காகவே இருக்கிறது. பேட்டரி தீர்ந்து நடுக்காட்டில் நிற்க வேண்டாம். உங்கள் ஃபோர்க் 12×100 மி.மீ. ஊடுருவும் துளை அச்சா, பழைய விரைவுப்பிடி அச்சா என்று பார்த்து வாங்குங்கள். மேல்விளிம்பு வெட்டிய ஒளிக்கற்றை உள்ள விளக்கு எதிரே வருகிற டாக்ஸிக்காரர் கண்ணைக் கூசச் செய்யாது. பின்விளக்கு, நின்ற பிறகும் சில நிமிடம் எரியும் வகையாக இருக்கட்டும். கரும்பு வெட்டுக் காலத்தில் லாரியிலிருந்து விழுந்த கரும்புத் தட்டை இருட்டில் கண்ணுக்குத் தெரியாது; முன்சக்கரம் அதன்மேல் நீளவாக்கில் ஏறினால் உருட்டிவிடும். ஹெல்மெட் இந்நாட்டுச் சட்டப்படியே கட்டாயம்.

கேப் டவுன் வாசகர்களுக்கு இதெல்லாம் பொருந்தாது. அங்கே குளிர்காலம்தான் மழைக்காலம். மட்கார்டும், டிஸ்க் பிரேக்குக்கு மெட்டல் பேடும் தேவை (பிரேக் தட்டான ரோட்டரில் 'ரெசின் பேட் மட்டும்' என்று பொறித்திருந்தால் கூடாது). முன் மட்கார்டின் கம்பிகள், கல் சிக்கினால் தானாக விடுபடும் கிளிப்போடு வருபவையாக இருக்கட்டும். இல்லாவிட்டால் மட்கார்டு சுருண்டு சக்கரத்தைப் பூட்டி, ஓட்டுபவரைத் தலைகுப்புற எறிந்துவிடும்.

பையில் ஒரு பம்ப், துளையில் செருகப் பிசின் பூசிய ரப்பர் திரிகள், ஒரு டியூப், ஒரு செயின் இணைப்பு. டயரில் நெருஞ்சி குத்தி நின்றால் வழியில் பிடுங்காதீர்கள், அதுவே அடைப்பு. வீட்டுக்கு வந்து பிடுங்கி, துளையைக் கீழ்ப்பக்கம் திருப்பி வையுங்கள். கிழிசல் பெரிதாகி டியூப் போட வேண்டி வந்தால், அதற்கு முன் டயரின் உள்பக்கத்தை ஒரு துணியால் சுற்றித் துடைத்துப் பாருங்கள். விரலால் தடவ வேண்டாம். மாதக்கணக்காக சீலன்ட் அடைத்து வைத்திருந்த முள் முனைகள் வரிசையாகத் துணியில் சிக்கும். ஒவ்வொன்றையும் குறடால் இழுத்த பிறகே டியூபை உள்ளே வையுங்கள்.

இப்படிக்கு,
சைக்கிள் பழுதுபார்ப்பவர்,
நார்த்டேல், பீட்டர்மாரிட்ஸ்பர்க்.