உங்களுக்குத் தெரிந்ததை எங்களுக்கும் சொல்லுங்கள்: மின்சாரக் கார் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

மின்சாரக் கார்களைத் தயாரித்து விற்கும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். விலை உயர்ந்த புதிய மின்சாரக் கார் ஒன்றை வாங்கலாமா வேண்டாமா என்று சில மாதங்களாக யோசித்து வருகிறேன். ஓட்டிப் பார்த்தேன், மிகவும் பிடித்திருந்தது. சத்தமில்லை, அதிர்வில்லை, மிதித்த நொடியில் இழுவை கிடைக்கிறது. பெட்ரோல் எஞ்சின் தான் குடிக்கும் எரிபொருளில் ஏறத்தாழ கால்பங்கைத்தான் சக்கரத்துக்குக் கொண்டு சேர்க்கும். மின்மோட்டாரோ பேட்டரியிலிருந்து எடுப்பதில் பெரும்பகுதியைச் சக்கரத்துக்குக் கொடுத்துவிடுகிறது. இதெல்லாம் எனக்குத் தெரியும், நீங்கள் மறுபடி விளக்க வேண்டியதில்லை. கொடுக்கிற பணத்துக்கு இந்தக் கார் தகுமா என்பதுதான் என் கேள்வி. அதற்கு விடை சொல்லத் தேவையான தகவல்கள் உங்களிடம் இருக்கின்றன, எங்களிடம் இல்லை. அவற்றைக் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

முதலில் தூரக் கணக்கு. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வரும் கிலோமீட்டர், பல நாடுகளில் டபிள்யூ.எல்.டி.பி. என்ற சோதனையில் கிடைத்த எண். 2017இல் ஐரோப்பாவில் நடைமுறைக்கு வந்த சோதனை அது. அதற்கு முன்பிருந்ததைவிட நேர்மையானது, சந்தேகமில்லை. ஆனால் ஆய்வகத்தில், 23 டிகிரி வெப்பநிலையில், ஏசியை அணைத்துவிட்டு, காரை உருளைகளின் மேல் ஏற்றி ஓட்டி எடுக்கும் கணக்கு அது. ஒரு சுற்றுக்கு அரை மணி நேரம், சுமார் 23 கி.மீ. தூரம், சராசரி வேகம் மணிக்கு 46 கி.மீ. சொச்சம். 131 கி.மீ. வரை வேகம் ஏறும், ஆனால் தொட்டதும் இறங்கிவிடும். நெடுஞ்சாலையில் மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் விடாமல் போகிறவருக்கு அந்த எண் எப்படிப் பொருந்தும்? காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவது. 90இல் இருப்பதைவிட 120இல் அது ஏறத்தாழ 1.8 மடங்கு. இது உங்கள் பொறியாளர்கள் எல்லாருக்கும் தெரிந்த பாடம்.

அமெரிக்காவில் ஆய்வக எண்ணைப் பொதுவாக 0.7ஆல் பெருக்கிக் குறைத்த பிறகுதான் காரின் ஒட்டுச்சீட்டில் போடுகிறார்கள். அதனால் ஒரே காருக்கு ஒரு நாட்டில் ஒரு தூரம், இன்னொரு நாட்டில் இன்னொரு தூரம். நார்வேயின் வாகன ஓட்டிகள் சங்கம் ஒவ்வொரு குளிர்காலத்திலும் பல கார்களைச் சாலையில் பேட்டரி தீரும்வரை ஓட்டி, சொன்ன தூரத்தில் எது எவ்வளவு இழந்தது என்று வெளியிடுகிறது. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இழந்த கார்கள் உண்டு, மிகக் கொஞ்சமாக இழந்தவையும் உண்டு. அதாவது காருக்குக் கார் வேறுபாடு பெரிது, அதை அளக்கவும் முடியும். ஒரு சங்கத்தால் முடிவது உங்களால் முடியாதா? 90, 110, 120 ஆகிய மூன்று வேகங்கள். உறைபனி, இதமான நாள், கடும் வெயில் ஆகிய மூன்று நிலைகள். ஒன்பதே கட்டங்கள் உள்ள ஓர் அட்டவணை போதும். ஒற்றை எண்ணுக்குப் பதில் அதை அச்சிடுங்கள்.

அடுத்தது சார்ஜ் ஏறும் வேகம். "10லிருந்து 80 சதவீதம், 18 நிமிடத்தில்" என்று ஒரு விளம்பரம் சொல்கிறது. 350 கிலோவாட் சார்ஜர் வேண்டும், பேட்டரி சரியான சூட்டில் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அடியில் பொடி எழுத்தில். பேட்டரி காலியாக இருக்கும்போது வேகமாக ஏறும், நிறைய நிறையத் தணியும், 80ஐத் தாண்டினால் இழுத்துக்கொண்டே போகும். அந்த வளைகோட்டை முழுதாகக் கொடுங்கள். அதைவிட நல்லது, பத்து நிமிடம் நிறுத்தினால் நெடுஞ்சாலை வேகத்தில் எத்தனை கிலோமீட்டர் கூடுதலாக ஓடலாம் என்று சொல்லுங்கள். இதில் எங்கள் பணம் இருக்கிறது. காரின் விலையைத் தூக்கிவிடுவது பெரும்பாலும் பேட்டரிதான். எப்போதோ போகிற நெடும்பயணத்தை நினைத்துப் பயந்து, பெரிய பேட்டரி வைத்த காரையே பலரும் வாங்குகிறார்கள். மற்ற நாட்களில் அந்தக் கூடுதல் எடையைச் சும்மா இழுத்துக்கொண்டு திரிகிறார்கள். நிறுத்தம் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று நம்பகமாகத் தெரிந்தால், சின்ன பேட்டரி போதும் என்று அவர்களில் பலர் முடிவு செய்வார்கள். உங்கள் லாபம் அதில் குறையலாம், புரிகிறது. ஆனாலும் அது எங்களுக்குத் தெரிய வேண்டிய விஷயம்.

இப்போது எனக்கு மிகவும் முக்கியமான கேள்வி: எட்டாம் ஆண்டில் இந்தப் பேட்டரி எப்படி இருக்கும்?

ஒரு ஷோரூமில் இதைக் கேட்டேன். "அதான் எட்டு வருஷம் வாரண்டி இருக்கே" என்று பதில் வந்தது. வாரண்டி இருக்கிறது, சரி. பெரும்பாலான நிறுவனங்கள் 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ., அதற்குள் கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் சரிசெய்தோ மாற்றியோ தருவோம் என்கின்றன. அப்படியென்றால் 71 சதவீதத்தில் நின்ற பேட்டரிக்கு எதுவும் கிடைக்காது. அதை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். சொன்ன தூரம் 500 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். நெடுஞ்சாலை வேகத்தில் கால்பங்கு குறைந்தால் 375. பேட்டரி 71 சதவீதத்துக்குத் தேய்ந்த பிறகு சுமார் 265. நெடும்பயணத்தில் 10லிருந்து 80 வரைதான் பயன்படுத்துவோம் என்றால் ஒரு நிறுத்தத்துக்கும் அடுத்த நிறுத்தத்துக்கும் இடையே 185 கி.மீ. அளவு. 500 என்று நம்பி வாங்கிய கார் இது. வாரண்டியின்படி இதில் ஒரு குறையும் இல்லை.

எல்லா பேட்டரியும் இப்படித் தேயாது என்பதையும் நான் அறிவேன். வாகனத் தரவுகளைத் திரட்டும் ஜியோடேப் நிறுவனம் 2024இல் வெளியிட்ட ஆய்வில், சராசரித் தேய்மானம் ஆண்டுக்கு 1.8 சதவீதம்தான். அந்தக் கணக்கில் எட்டு ஆண்டுக்குப் பிறகும் 85 சதவீதம் மிஞ்சும். நல்ல செய்திதான். ஆனால் சராசரியை நான் வாங்கப்போவதில்லை, குறிப்பிட்ட ஒரு காரை வாங்கப்போகிறேன். அதன் பேட்டரி எல்.எஃப்.பி. எனப்படும் இரும்பு-பாஸ்பேட் வகையா, நிக்கல் கலந்த வகையா? திரவக் குளிரூட்டல் உண்டா? வெயிலிலேயே நிறுத்தினால் என்ன ஆகும்? அடிக்கடி வேகச் சார்ஜ் போட்டால் என்ன ஆகும்? தேய்மானம் இவற்றைப் பொறுத்தது. நிசான் லீஃப் என்ற மின்சாரக் கார் 2010இல் விற்பனைக்கு வந்தபோது அதன் பேட்டரிக்குத் திரவக் குளிரூட்டல் கிடையாது. 2012வாக்கில் அமெரிக்காவில் அரிசோனாவின் வெயிலில் ஓட்டியவர்கள், கொள்ளளவு வேகமாகக் குறைகிறது என்று குரல் எழுப்பினார்கள். அதன் பிறகுதான் நிறுவனம் கொள்ளளவுக்கும் வாரண்டி கொடுத்தது. வாங்கியவர்கள் சொந்தப் பணத்தில் கண்டுபிடித்துச் சொன்ன விஷயம் அது.

இன்று அப்படிக் காத்திருக்கத் தேவையே இல்லை. இன்றைய கார்கள் எந்நேரமும் இணையத்தில் இருக்கின்றன. எந்த மாடல், எந்த ஊர் வெயிலில், எத்தனை கிலோமீட்டர் ஓடி, எத்தனை முறை வேகச் சார்ஜ் ஏற்றி, எவ்வளவு தேய்ந்தது என்பது அந்தத் தரவிலிருந்து உங்களுக்குத் தெரியும், அல்லது நினைத்தால் தெரிந்துகொள்ள முடியும். எங்கள் கார்கள் அனுப்பிய தரவு அது. உரிமையாளர்களின் அடையாளத்தை நீக்கிவிட்டு, மாடல்வாரியாக ஆண்டுக்கு ஒரு முறை அதை வெளியிடுங்கள். இந்த மடலில் ஒரே ஒரு கோரிக்கைதான் வைக்கலாம் என்று யாராவது சொன்னால், நான் இதைத்தான் வைப்பேன்.

சட்டங்களும் இந்தத் திசையில்தான் நகர்கின்றன. ஐ.நா.வின் கீழ் 2022இல் ஏற்கப்பட்ட தொழில்நுட்ப விதி 22, பேட்டரி 5 ஆண்டு அல்லது 1,00,000 கி.மீ.யில் 80 சதவீதமும், 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ.யில் 70 சதவீதமும் தாங்க வேண்டும் என்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பேட்டரிச் சட்டப்படி 2027 பிப்ரவரி 18 முதல் மின்சாரக் கார் பேட்டரி ஒவ்வொன்றுக்கும் டிஜிட்டல் பாஸ்போர்ட், அதாவது அதன் விவரங்களைச் சொல்லும் மின்னணுப் பதிவு, வேண்டும். சட்டம் எட்டும் நாடுகளில் மட்டும் சொல்வோம், மற்ற இடங்களில் வாயே திறக்க மாட்டோம் என்று இருந்துவிடாதீர்கள்.

பழுது பார்ப்பதைப் பற்றியும் கேட்க வேண்டியிருக்கிறது. அடிப்பகுதியில் ஒரு கல் அடித்து உறையில் கீறல் விழுந்தால், உள்ளே இருக்கும் ஒரு மாட்யூலை, அதாவது செல்களின் ஒரு தொகுதியை, மட்டும் மாற்றலாமா, மொத்த பேட்டரியையும் தூக்கிப்போட வேண்டுமா? இந்தப் பதிலைப் பொறுத்துத்தான் காப்பீட்டு நிறுவனம் காரைச் சரிசெய்யுமா, மொத்த இழப்பு என்று எழுதிவிடுமா என்பது. ஹெர்ட்ஸ் என்ற பெரிய வாடகைக் கார் நிறுவனம் 2024 ஜனவரியில் சுமார் 20,000 மின்சாரக் கார்களை விற்றுவிடப்போவதாக அறிவித்தது. மோதலுக்குப் பிறகான பழுதுச் செலவு அதிகம் என்பதும் அது சொன்ன காரணங்களில் ஒன்று. வாகனங்களை வாங்கி வாடகைக்கு விடுவதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கே இந்தச் செலவு இடித்தது என்றால், ஒரே ஒரு கார் வாங்கும் குடும்பம் எப்படி முன்கூட்டிக் கணிக்கும்? பேட்டரி, அதன் மாட்யூல், மோட்டார், இன்வெர்ட்டர் ஆகியவற்றின் மாற்று விலையை விலைப்பட்டியலிலேயே போடுங்கள்.

மென்பொருளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். காரில் ஏற்கெனவே பொருத்தியிருக்கும் ஒன்றைப் பூட்டி வைத்துவிட்டு, திறக்க மாதாமாதம் பணம் கேட்காதீர்கள். இருக்கையைச் சூடேற்றச் சந்தா என்ற திட்டத்தை பி.எம்.டபிள்யூ. கொண்டுவந்து, எதிர்ப்புக்குப் பின் 2023இல் கைவிட்டது நினைவிருக்கும். அதைவிடப் பெரிய கவலை, நிறுவனமே மூடிவிட்டால் என்ன ஆவது என்பது. ஃபிஸ்கர் என்ற அமெரிக்க மின்சாரக் கார் நிறுவனம் 2024 ஜூனில் திவாலானபோது, அதன் கார்களை வாங்கியிருந்தவர்கள் மென்பொருளுக்கும் உதிரிபாகத்துக்கும் யாரிடம் போவது என்று தெரியாமல் நின்றார்கள். நீங்கள் இல்லாமல் போனாலும் கார் ஓடும், பழுதுபார்ப்பவர் அதைத் திறந்து பார்க்க முடியும் என்பதை இப்போதே எழுத்தில் கொடுங்கள்.

மறுவிற்பனை விலையும் கவலைதான். 2010க்கும் 2024க்கும் இடையில் பேட்டரியின் விலை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காக இறங்கியிருக்கிறது. உலகத்துக்கு நல்லது, இன்று வாங்குகிறவருக்கோ இடி. அடுத்த மாடல் இன்னும் மலிவாக, இன்னும் அதிக தூரம் ஓடுவதாக வந்தால் என் காரின் விலை விழும். தொழில்நுட்பம் வளரும்போது இது நடக்கும், அதற்கு உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் இரண்டாம் கையாக வாங்குபவருக்கு பேட்டரியின் நிலையை நடுநிலையான சான்றிதழாக, எந்தப் பட்டறையிலும் எடுக்கும்படி செய்து கொடுத்தால், அச்சத்தினால் விழுகிற விலையாவது விழாமல் நிற்கும்.

கடைசியாக, உங்கள் விற்பனையாளர்களுக்கு ஒன்று சொல்லிக் கொடுங்கள். ஆண்டுக்கு எவ்வளவு ஓட்டுகிறீர்கள், வீட்டில் சார்ஜ் போட வசதி உண்டா என்று முதலில் கேட்கட்டும். குறைவாக ஓட்டுபவர், அல்லது பொது வேகச் சார்ஜரையே நம்பி இருப்பவர், பெட்ரோல் காரைவிடக் கூடுதலாகக் கொடுத்த விலையை எரிபொருள் மிச்சத்தில் மீட்பது கடினம். "உங்களுக்கு இந்தச் சின்ன மாடல் போதும்" என்றோ "இப்போதைக்கு வேண்டாம்" என்றோ சொல்லும் விற்பனையாளரை நான் இதுவரை சந்திக்கவில்லை. சந்தித்தால் அவரை நம்பி அடுத்த காரை அவரிடமே வாங்குவேன்.

முன்பதிவுப் பணத்தை இன்னும் யாரிடமும் கட்டவில்லை. இப்போதுள்ள கார் இன்னும் சில ஆண்டுகள் தாங்கும். ஒன்பது கட்ட அட்டவணை, சார்ஜ் வளைகோடு, மாடல்வாரித் தேய்மானப் பதிவு, உதிரிபாக விலை இவற்றை உங்களில் யார் முதலில் வெளியிடுகிறீர்களோ, அவர்கள் ஷோரூமுக்குத்தான் முதலில் வருவேன்.

அன்புடன்,
மின்சாரக் கார் வாங்க விரும்பும் ஒருவர்