கோயில் நிர்வாகக் குழுவினருக்கு: எங்கள் குழாய்க்கு நெருப்பு வேண்டாம், நுரை உறை வேண்டும்

ஐயா, அம்மா, வணக்கம். நம் ஜொகன்னஸ்பர்க் கோயிலுக்குப் பின்னால் குடியிருக்கும் அர்ச்சகரின் மனைவி எழுதுகிறேன். குளிரில் குழாய்த் தண்ணீர் உறைகிற சேதி உங்களுக்குப் புதிதல்ல. இங்கே குளிர்காலமான ஜூன் மாதமே இரண்டு முறை வந்து சொல்லிவிட்டேன்.

ஆடி முதல் வெள்ளி, விடியற்காலை நாலு மணி. கூழ் காய்ச்சக் குழாயைத் திறந்தால் ஒரு சொட்டு இல்லை. பக்கத்து வீட்டுக் குழாய் சுவருக்குள் போகிறது, அதனால் அங்கே தண்ணீர் வந்தது. உதவிக்கு வந்த பாட்டியும் நானும் வாளி வாளியாகச் சுமந்தோம். சிந்திய தண்ணீர் படியிலேயே கண்ணாடி மாதிரி உறைந்து, பாட்டி சறுக்கிவிட்டார்கள். நல்லவேளை, கைப்பிடிக் கம்பி இருந்தது. எழுபது வயது தாண்டியவர்கள்.

அப்புறம் நீங்கள் அனுப்பிய ஆள் வந்தார். கேஸ் டார்ச்சைப் பற்றவைத்துக் குழாயில் நேராகக் காட்டினார். கூரை ஓரத்துப் பலகை கருகியது. செம்புக் குழாயின் ஈயப் பற்று இளகி, பனி உருகியதும் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. தண்ணீரை மொத்தமாக அடைக்கும் மெயின் வால்வு எங்கே என்று அவருக்கே தெரியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

உறைந்த குழாய்க்கு நெருப்பே வேண்டாம். குழாயைத் திறந்து வைத்துவிட்டு, ஹேர் டிரையரைத் திறந்த வாய்ப் பக்கத்திலிருந்து மெல்லப் பின்னோக்கிக் காட்டினால் போதும். கரண்ட் இல்லையென்றால் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைச் சுற்றலாம். நடுவில் சூடு காட்டினால் உருகிய நீர் வெளியேற வழியில்லாமல் குழாயை அழுத்தும். கொதிநீரும் ஊற்றக் கூடாது. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிகிறது. குழாய் முன்பே விரிசல் விட்டிருக்கலாம். அதனால் ஒருவர் மெயின் வால்வு பக்கத்தில் நிற்க வேண்டும்.

இது குளிர் குறைந்த கடலோர டர்பன் இல்லை. ஜொகன்னஸ்பர்க் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே குளிர்காலத்தில் சூரியன் வடக்கே சாய்வதால் தெற்குச் சுவரில் வெயிலே விழாது, குழாய் போவதோ அந்தச் சுவர் மேல்தான். கோபுரத்துக்கு வண்ணம் அடித்தீர்கள், சந்தோஷம். பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் செலவழித்தீர்கள். கோயிலில் வேலை செய்கிறவர்கள் குடிக்கும் தண்ணீர் மட்டும் ஏன் கடைசிக் கணக்கில் வருகிறது?

கோபமாகப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வருகிற வெள்ளியும் கூழ் உண்டு. வியாழன் மாலைக்குள் அந்தக் குழாய்க்கு நுரை உறை போட்டுத் தாருங்கள். டார்ச்சோடு யாரையும் இனி அனுப்பாதீர்கள். மெயின் வால்வு இருக்கும் இடத்தைப் பெரிய எழுத்தில் சுவரில் எழுதி வையுங்கள்.