கோவை பம்ப் உற்பத்தியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய முதலாளிமார்களுக்கும் டிசைன் எஞ்சினியர்களுக்கும்,

வணக்கம். இருபது வருடமாக போர்வெல் மோட்டார் கழற்றிக் காயில் கட்டுவது என் தொழில். உங்களில் அநேகமாக எல்லோருடைய பம்பும் என் பட்டறைக்கு வந்து போயிருக்கிறது.

மணல் தள்ளுகிற போரில் ஓடிய மோட்டாரைப் பிரித்தால், எந்தக் கம்பெனியாக இருந்தாலும் உள்ளே ஒரே கோலம்தான். மேலே, மணல் உள்ளே போகாமல் தடுக்கிற சாண்ட் கார்டின் ரப்பர் விளிம்பு தேய்ந்திருக்கும். அந்த வழியாக மணல் இறங்கி, சுழலும் ஷாஃப்டைத் தாங்குகிற புஷ்ஷை அரித்திருக்கும். ஷாஃப்டைத் தடவினால் நகம் மாட்டுகிற அளவுக்குக் கோடு விழுந்திருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக், பழைய கன்வேயர் பெல்ட்டில் வாஷர் வெட்டி சாண்ட் கார்டுக்கு மேலே சேர்த்துப் போடுகிறார். அவர் கை பட்ட மோட்டார்கள் அவ்வளவு சீக்கிரம் திரும்பி வருவதில்லை. இதைச் சொல்லலாம் என்று ஒரு கம்பெனிக்குப் போனேன். "டீலர் மூலமா வாங்க" என்று கேட்டிலேயே அனுப்பிவிட்டார்கள். அன்றைக்குப் பட்ட வருத்தம் இன்னும் போகவில்லை.

வெளியாளிடம் யோசனை கேட்பது எப்படி என்பதற்கு, 2013-ல் ஜெனரல் எலெக்ட்ரிக் என்ற அமெரிக்கக் கம்பெனி செய்ததைப் பாருங்கள். விமான எஞ்சினைத் தூக்கும்போது பாரம் தாங்குகிற பிராக்கெட் ஒன்று. எடை இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அதைக் குறைக்க வழி சொல்லுங்கள் என்று, எஞ்சினியர்கள் டிசைன்களைப் பகிர்ந்துகொள்கிற கிராப்கேட் இணையதளத்தில் உலகத்துக்கே போட்டி வைத்தார்கள். கிட்டத்தட்ட 700 டிசைன்கள் குவிந்தன. பத்தைத் தேர்ந்தெடுத்து, உலோகத்தில் 3டி பிரிண்ட் செய்து, பாரம் ஏற்றிப் பார்த்தார்கள். ஜெயித்தவர் இந்தோனேசியாவைச் சேர்ந்த ஆரி குர்னியாவன் என்ற இளைஞர். அவருடைய பிராக்கெட் 327 கிராம்தான். பரிசு 7,000 டாலர்.

வெறுமனே "யோசனை சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தால் இது நடந்திருக்காது. எவ்வளவு பாரம், எந்தப் பக்கம் இழுக்கும், என்ன உலோகம், எவ்வளவு இடத்துக்குள் அடங்க வேண்டும் என்று எல்லாவற்றையும் வெளிப்படையாக வைத்துவிட்டுக் கேட்டார்கள். உங்களிடம் நான் கேட்பதும் அதைத்தான். ஒரே ஒரு பாகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டிராயிங்கை வெளியிடுங்கள். தமிழிலும் எழுதுங்கள். கம்ப்யூட்டரில் வரையத் தெரியாதவர், செய்த பாகத்தையே கையில் கொண்டு வந்து கொடுக்கலாம் என்று சொல்லுங்கள். வருகிறவற்றை உங்கள் டெஸ்ட் பெஞ்சில் மணல் தண்ணீரில் ஓட்டிப் பார்த்து, வந்த முடிவை எல்லோருக்கும் காட்டுங்கள்.

அப்புறம், பணம். பரிசோடு கணக்கை முடித்துவிடாதீர்கள். அந்தப் பாகம் விற்கிற வரைக்கும் ஒரு பங்கு அவருக்குப் போகட்டும். பேட்டன்டில் அவர் பெயரும் இருக்கட்டும். யோசனையை வாங்கிக்கொண்டு ஆளை மறந்துவிடுவார்கள் என்ற பயம் எங்களுக்கு நிறையவே உண்டு.

முதல் கேள்வியாக மணலையே வையுங்கள். தேய்ந்த புஷ் ஒரு டப்பா நிறைய சேர்த்து வைத்திருக்கிறேன். எந்த ஊர், எத்தனை அடி ஆழம், எத்தனை மாதம் ஓடியது என்று ஒவ்வொன்றிலும் சீட்டு எழுதிக் கட்டியிருக்கிறது. நீங்கள் கேட்டால் மறுநாளே கொண்டு வந்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு மோட்டார் மெக்கானிக்