41-ஆம் பகுதியில் நிற்கும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். தைப்பிங்கில் மழை விடுவதாயில்லை. அப்பாவின் முழங்கால் வலியும் அப்படியே. வாட்ஸ்அப்பில் இரண்டு நீலக் குறிகள் விழுகின்றனவே தவிர உன்னிடமிருந்து பதில் வருவதில்லை என்பதால், பழைய வழக்கப்படி தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். பெரிய செய்தி ஒன்றுமில்லை. நேரத்தில் தூங்கு என்று சொல்லத்தான்.

போன தீபாவளிக்கு வந்தபோது உன் பழைய டேப்லெட்டை என்னிடம் விட்டுச் சென்றாயே, அதில் உன் கணக்கு அப்படியே திறந்திருக்கிறது. இத்தனை நாள் சொல்லாமல் இருந்தது தவறுதான். அந்தக் கணக்கில்தான் நானும் சீனத்துச் சரித்திரக் காதல் குறுந்தொடர்களைப் பார்க்கிறேன். 33 ஆண்டு தமிழ்ப்பள்ளியில் இலக்கணம் நடத்தியவள் இரவில் இளவரசர்களின் பின்னால் அலைகிறாளே என்று அப்பா கேலி செய்கிறார். கேலி செய்துவிட்டுக் கதவருகிலேயே நின்று பாதியைப் பார்த்துவிடுகிறார்.

முதலில் இதன் கவர்ச்சி எனக்குப் பிடிபடவில்லை. ஒரு பகுதி ஒன்றரை நிமிடம், மொத்தம் எண்பது பகுதிகள், எல்லாம் சேர்ந்தால் நம் சினிமா ஒன்றைவிடக் குறைவு. ஓங்கிய கை கன்னத்தில் விழுந்ததா இல்லையா என்ற இடத்தில் ஒரு பகுதி முடியும். அடுத்ததைத் தொடாமல் இருக்க முடியாது. முதல் பத்துப் பகுதிகளை இலவசமாகக் கொடுத்து, மனம் ஒட்டிக்கொண்டதும் பூட்டுப் போட்டுக் காசு கேட்கிறார்கள். பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். கைப்பேசியின் நெடுக்குத் திரையில் இருவர் பக்கத்தில் பக்கத்தில் நிற்க இடமில்லை. படைகளும் குதிரைகளும் ஒதுங்கிவிட, முகம்தான் மிஞ்சுகிறது. கொண்டை ஊசியின் தொங்கல் நடுங்குவதும், கண்ணீர் கீழிமையில் திரண்டும் விழாமல் நிற்பதும் நம் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நடக்கின்றன. கணவனும் மனைவியும் சண்டையிட்டால் ஒருவர் முகம் போய் மற்றவர் முகம் வரும். இருவரும் ஒரே திரையில் சேர வேண்டுமானால் அணைத்துக்கொண்டால்தான் உண்டு.

அடுத்த வீட்டுச் சீனப் பாட்டி ஆ மா எனக்கு இதில் குரு. ஜெஜியாங் மாநிலத்து ஹெங்டியனில், பெய்ஜிங் அரண்மனையைப் போலவே ஒன்றைக் கட்டி வைத்திருக்கும் படப்பிடிப்பு நகரில், ஒரு தொடரை ஒரு வாரம் பத்து நாளில் எடுத்து முடித்துவிடுகிறார்களாம். ஹெங் என்றால் கிடைமட்டம். இப்போது நெடுக்குப் படங்களே அங்கு அதிகம் எடுக்கப்படுவதால், ஹெங்குக்குப் பதில் நெடுக்கு என்று பொருள்படும் ஷூ என்பதைப் போட்டு ஷூடியன் என்று சீனர்களே அந்த ஊரைக் கேலி செய்கிறார்களாம். 2024-இல் சீனத் திரையரங்குகளின் மொத்த வசூலைக் குறுந்தொடர்களின் வருமானம் தாண்டிவிட்டது, 5,000 கோடி யுவானுக்கு மேல் என்று படித்தபோது, அதில் நீயும் நானும் போட்ட ரிங்கிட் எவ்வளவு என்று நினைத்துக்கொண்டேன். காசைப் பற்றி நான் குறை சொல்லவில்லை. நம் குடும்பத்திலேயே முதன்முதலாக மருந்தாளுநர் ஆனவள் நீ, சம்பாதிக்கிறாய், செலவழிக்கிறாய். தூக்கத்தைச் செலவழிக்காதே என்றுதான் சொல்கிறேன்.

உனக்குத் தூக்கமில்லை என்பது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். நான் பதினொரு மணிக்கு டேப்லெட்டை மூடி வைக்கும்போது ஒரு தொடரின் முதல் பகுதியில் இருக்கும் உன் குறி, அதாவது நீ எதுவரை பார்த்தாய் என்று காட்டும் குறி, காலை ஐந்து மணிக்கு விளக்கேற்ற எழும்போது அதை முடித்து, இன்னொன்றையும் முடித்து, மூன்றாவதில் நிற்கும். கணக்குப் போடத் தெரியாதவளா நான்? ஆஸ்திரேலியாவில் மணி வேறு என்று சமாதானம் சொல்லவும் வழியில்லை. பெர்த்துக்கும் மலேசியாவுக்கும் ஒரே நேரம். மாப்பிள்ளை அந்த வேளையில் எங்கே இருக்கிறார் என்று நான் கேட்கவில்லை. கைப்பேசியைத் தலையணை அருகே வைக்காதே. இரவில் பாலாவது குடி.

நீ பார்ப்பவை எல்லாம் ஒரே வகையாக இருப்பதையும் பார்த்தேன். நாயகி முதல் பகுதியிலேயே இறந்துபோகிறாள். கண் விழித்தால் மூன்று ஆண்டு முன்னதாக, கல்யாணத்தன்று காலையில் கண்ணாடி முன் அமர்ந்திருக்கிறாள். பணிப்பெண் தலை வாரிக்கொண்டிருக்கிறாள். நடக்கப்போவது அத்தனையும் அவளுக்கு மட்டும் தெரியும். மறுபிறப்புக் கதை என்பது இவற்றுக்குப் பெயர். இன்னொரு வகையில் மனைவியை மிதித்த கணவன், அவள் போன பிறகு மழையில் மண்டியிட்டுக் கெஞ்சுவான். அதற்கு ‘மனைவியைத் துரத்தும் தகனமேடை’ என்று பெயர் என ஆ மா சொன்னபோது சிரித்துவிட்டேன். அம்மாக்களுக்கும் அப்படி ஒரு வகை இருக்கிறதா என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை.

பதினொரு நாளாக உன் குறி ஒரே தொடரில், 41-ஆம் பகுதியில், அசையாமல் நிற்கிறது. தூங்கத் தொடங்கிவிட்டாய் என்று முதல் இரண்டு நாள் மகிழ்ந்தேன். மூன்றாம் நாள் பயம் வந்தது. உன் குறியை நகர்த்திவிடக் கூடாது என்பதற்காக, அந்தத் தொடரை மட்டும் ஆ மாவின் கைப்பேசியில் தொடக்கத்திலிருந்து பார்த்தேன். இரண்டாம் பகுதியில் அந்தப் பெண் புகுந்த வீட்டிலிருந்து மழையில் நடந்து தாய்வீட்டு வாசலுக்கு வருகிறாள். அவளுடைய அம்மா வெளியே வரவில்லை. பணிப்பெண்ணிடம் ஒரு சால்வையைக் கொடுத்தனுப்பிவிட்டுக் கதவை மூடச் சொல்கிறாள். அவள் கெட்டவளாகவும் காட்டப்படவில்லை. சால்வை நல்ல கனமான சால்வை. ஆ மா அந்த அம்மாவைத் தன் ஹொக்கியன் சீனத்தில் திட்டினார். நான் தண்ணீர் குடிப்பதுபோல் எழுந்து சமையலறைக்குப் போனேன்.

நான் உனக்கு முறுக்குக் கட்டிக் கொடுத்தேன். தைப்பூசம் முடிந்த மறுநாள் நீ நீலப் பெட்டியோடு வந்து நின்றபோது, எத்தனை நாள் லீவு என்று கேட்டேனே தவிர ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாய் என்று பயந்தேன். பெட்டியை உன் அறைக்கு எடுத்துச் செல்லவிடாமல் கூடத்திலேயே வைக்கச் சொன்னேன். எல்லா வீட்டிலும் உள்ளதுதான், விட்டுக்கொடுத்துப் போ என்று சொன்னேன். சின்னத்தை விஷயத்தில் ஊர் பேசியது என் காதில் இருந்தது. நான்காம் நாள் உன் அப்பாவுக்குக்கூடச் சரியாகச் சொல்லாமல் டிக்கெட் போட்டேன். முறுக்கு உடையாமல் இருக்க உன் துணிக்கு நடுவில் வைத்தேன். அப்போதுதான் பெட்டிக்குள்ளே பார்த்தேன். நான்கு நாள் லீவுக்கு யாரும் பட்டச் சான்றிதழ்களைக் கொண்டுவர மாட்டார்கள். பார்த்தும் மூடினேன், பாப்பா.

இந்தத் தொடர்களில் எந்த அரச மரபு என்று சொல்வதில்லை. கற்பனை அரசு என்று வைத்துவிடுகிறார்கள். ஆனால் அந்தக் காலத்துச் சட்டம் எப்படி இருந்தது என்று தேடிப் படித்தேன். 653-இல் வந்த தாங் அரசின் சட்டத்தில் கணவன் மனைவியை விலக்க ஏழு காரணங்கள் உண்டு. அதிகம் பேசுவதும் அதில் ஒன்று. விலக்கக் கூடாத நிலைகள் மூன்று. மாமனார் மாமியாருக்குத் துக்கம் காத்தவள், ஏழ்மையில் கைப்பிடித்துப் பின் செல்வம் கண்டவள், திரும்பிப் போகத் தாய்வீடு இல்லாதவள். மூன்றாவதைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். தாய்வீடு இருந்தும் இல்லாதவளாக உன்னை ஆக்கியது நான்தான்.

அதே சட்டம், மனம் ஒவ்வாமல் இருவரும் இசைந்து பிரிந்தால் குற்றமில்லை என்றும் சொல்கிறது. வடமேற்குச் சீனத்துத் துன்ஹுவாங் குகைச் சுவடிகளுக்குள் அப்படிப் பிரிந்தவர்களுக்கான விடுதலைக் கடித மாதிரிகள்கூடக் கிடைத்திருக்கின்றன. பிரிந்த பின் நீ மீண்டும் கூந்தல் வாரி, அழகாகப் புருவம் தீட்டிக்கொள் என்று ஒன்றில் கணவன் வாழ்த்துகிறான். ஆயிரம் ஆண்டுக்கு முன் அப்படி எழுதியிருக்கிறார்கள்.

நீ நிற்கும் தொடரில் அந்தக் கடிதத்தை அவள் கேட்டு வாங்குவது 42-ஆம் பகுதியில். நீ அதற்கு முந்தைய பகுதியில் நிறுத்திவிட்டாய். காசு போதாமல் நிறுத்தினாயோ, மனம் போதாமல் நிறுத்தினாயோ, எனக்குத் தெரியாது. ஆ மாவின் பேரனை வைத்துப் பணம் கட்டி, 42 முதல் 80 வரை உன் கணக்கில் திறந்து வைத்திருக்கிறேன். திறந்தேனே தவிர ஓட்டவில்லை. உன் குறி அங்கேயே இருக்கிறது.

உன் அறையில் இஸ்திரி போடக் குவித்திருந்த துணிகளை எடுத்துவிட்டேன். அலமாரியில் இரண்டு தட்டுகள் காலி. பூட்டு துருப்பிடித்திருந்தது, அப்பா எண்ணெய் விட்டார். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. கே.எல். சென்ட்ரலில் இரயில் ஏறியதும் ஒரு வார்த்தை அனுப்பு, எந்த நேரமானாலும் ஸ்டேஷனில் நிற்பேன். வராவிட்டாலும் சரி, ஒரு வார்த்தை அனுப்பு. பன்னிரண்டு மணிக்குள் தூங்கு.

அம்மா